மூன்று மாதம் பொறுக்கலாம், மூன்று வருடம் பொறுக்க முடியாது!



"தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது." இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. முன்னே பங்களாவில் இருந்தவர்கள் சொன்னார்கள். பிறகு டவுனில் இருந்தவர்கள் சொன்னார்கள். இப்போது நாமே இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு நம் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறோம். "இவன் மந்தம்." "பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான், அவ்வளவு திமிர்." "டீச்சர் சொல்வதை இவள் காதிலேயே வாங்குவதில்லை."

கடைசியாகச் சொன்னதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி யோசிப்போம். காதில் வாங்க மறுக்கிறாளா, அல்லது வாங்க முடியவில்லையா? இதை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே பிரம்பை எடுக்கிறோம். பின்வாங்கில் உட்கார வைக்கிறோம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வரும்போது "இது தேறாது" என்று ஒதுக்குகிறோம். வயது வந்ததும் கொழும்புக்குக் கடை வேலைக்கு பஸ் ஏற்றி விடுகிறோம்.

நாம் மந்தம் என்று ஒதுக்கிய பிள்ளைகளில் மந்தமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டி நிற்கிறது. அதற்கு வைத்தியம் உண்டு. இந்த நாட்டின் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்யப்படும் வைத்தியம் அது. அது நம் லயத்துப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது ஏன் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

தப்பு அடிக்கிற நம் அண்ணன்மாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மழையில் நனைந்த தப்பை அடித்தால் என்ன சத்தம் வரும்? சொத்தென்று விழும். அதனால்தான் நெருப்பில் காய்ச்சி, தோலை இறுக வைத்த பிறகு அடிக்கிறோம். பிள்ளையின் செவிப்பறையும் அப்படி ஒரு தோல்தான். அதற்குப் பின்னால் சின்னஞ்சிறு அறை ஒன்று இருக்கிறது. அதை நடுக்காது என்கிறார்கள். அந்த அறைக்குள் காற்று இருக்க வேண்டும். காற்று இருந்தால்தான் தோல் அதிரும், உள்ளே இருக்கும் மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை வாங்கிக் கொடுக்கும்.

அந்த அறைக்குக் காற்று போக ஒரு குழாய் உண்டு. அது மூக்கின் பின்பக்கத்தில் திறக்கிறது. பெரியவர்களுக்கு அந்தக் குழாய் சரிவாக இருக்கிறது. சிறுபிள்ளைகளுக்குக் குட்டையாக, ஒடுக்கமாக, படுக்கையாக இருக்கிறது. சளி பிடித்தால் வீங்கி அடைத்துக்கொள்ளும். மூக்கின் பின்னால் இருக்கும் அடினொயிட் சதை பெருத்தாலும் அடைத்துக்கொள்ளும். காற்று போகாத அறையில் நீர் ஊறுகிறது. நாள் போகப் போக அது பசை மாதிரித் தடித்துப் போகிறது. அதன் பிறகு தோல் அதிராது. நனைந்த தப்புத்தான்.

இதில் மோசமான விஷயம் என்ன தெரியுமா? பெரும்பாலும் வலிக்காது. சீழ் வடியாது. காய்ச்சல் வராது. காதுவலி என்று பிள்ளை அழுதால் நாம் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இது அழவைக்காத நோய். தனக்குக் கேட்கவில்லை என்று பிள்ளைக்கே தெரியாது. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் கேட்கும் என்று அது நினைத்துக்கொள்கிறது.

வகுப்பில் என்ன நடக்கிறது?

இந்த நீர் பிள்ளையை முழுச் செவிடாக்குவதில்லை. சாதாரணமாக 25, 30 டெசிபல் அளவுக்குக் கேட்டல் குறைகிறது. இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். பேசுகிறார் என்று தெரியும். என்ன பேசுகிறார் என்பது பாதிதான் விளங்கும்.

இந்தப் பிள்ளை வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ஒரே மண்டபத்தில் தடுப்புக்கூட இல்லாமல் மூன்று வகுப்பு நடக்கிறது. மேலே தகரக்கூரை, வெளியே நம் மலை மழை. டீச்சர் "பத்து" என்று சொல்கிறார். பிள்ளை "கத்து" என்று எழுதுகிறது. "படம்" என்றால் "கடம்" என்று எழுதுகிறது. உயிரோசை சத்தமாக வருகிறது, கேட்கிறது. க, ச, த, ப போன்ற மெல்லிசாக வரும் ஒலிகள் கரைந்து போகின்றன. சொல்வதெழுதலில் பத்துக்கு மூன்று. கொப்பியில் சிவப்புக் கோடு. மறுநாளும் அதே. கொஞ்ச நாளில் பிள்ளை முயற்சி செய்வதையே விட்டுவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் அதற்கு "கவனமில்லாத பிள்ளை" என்று பெயர் வைக்கிறோம்.

இரண்டிலிருந்து ஏழு எட்டு வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது. பேச்சு திருந்தும் வயதும், எழுத்துப் படிக்கும் வயதும் அதுவேதான். டவுன் பிள்ளைக்கும் இந்த நீர் கட்டும், பணக்காரன் பிள்ளைக்கும் கட்டும். அந்த வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்தாலே அம்மா கவனிக்கிறாள், அந்தக் கிழமையே காது வைத்தியரிடம் சனல் பண்ணிக் காட்டுகிறார்கள். நம் தாய் காலையில் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும்போது இருட்டிவிடுகிறது. அவளிடம் போய் "நீ ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்பவனுக்கு வெட்கம் வேண்டும்.

நம் பிள்ளைக்கு ஏன் ஆறுவதில்லை?

சளியும் புகையும் நெரிசலும் இந்த நோய்க்குத் துணை. வீட்டுக்குள் பீடி, சிகரட் புகைப்பது பிள்ளையின் காதைப் பாதிக்கிறது என்று மருத்துவம் சொல்கிறது. அப்பன்மார்களே, இது உங்களுக்கு. வெளியே போய்ப் பிடியுங்கள், முடிந்தால் விட்டுவிடுங்கள்.

மற்றதெல்லாம் அப்பன் கையில் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கிறோம். ஒருவருக்குச் சளி என்றால் எல்லாருக்கும் சளி. புகைபோக்கி இல்லாத அடுப்பு, ஒழுகும் தகரம், ஈரச் சுவர். இந்த லயங்களைக் கட்டியவர் யார், திருத்தாமல் விட்டவர் யார் என்று நாம் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக் காம்பராவிலும் அதே நெரிசல். ஒரு பிள்ளை இருமினால் இருபது பிள்ளை இருமுகிறது.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குக் காது நோய் குறைவு. மல்லாக்கப் படுக்கவைத்துப் போத்தல் பால் கொடுப்பது கேடு. சட்டம் என்ன சொல்கிறது? ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கு வேலை நேரத்தில் பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்கிறது. மேல்மலையில் நிற்கும் தாய், கீழே பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி, பால் கொடுத்து, ஏறி வருவதற்குள் கங்காணி என்ன பேசுகிறார், நிறுவையில் எத்தனை கிலோ குறைகிறது என்று நமக்குத் தெரியும். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. போத்தல் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறது.

வைத்தியம் என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நீர் கட்டிய எல்லாப் பிள்ளைக்கும் ஒப்பரேஷன் தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். அதனால்தான் வைத்தியர்கள் "மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார்கள். அது சரியான வைத்தியம். வெறும் நீருக்கு அன்டிபயோட்டிக் மருந்தோ சளி மாத்திரையோ பலன் தராது என்பதும் இன்று உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். மூன்று மாதத்துக்குப் பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். நீர் அப்படியே இருந்து, இரண்டு காதிலும் கேட்டலும் குறைந்திருந்தால், அப்போதுதான் காதுக்குழாய் பற்றிப் பேச்சு வருகிறது. அண்ணத்தில் பிளவோடு பிறந்த பிள்ளை, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை என்றால் ஆரம்பத்திலிருந்தே காது வைத்தியரின் பார்வையில் இருக்க வேண்டும்.

குழாய் என்றதும் பயப்பட வேண்டாம். 'குரோமெட்' என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அரிசியை விடச் சிறியது. பிள்ளையை மயக்கி, காதுத் துவாரத்தின் வழியாகவே செவிப்பறையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறி, நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்தக் கீறலில் குழாயைப் பொருத்துகிறார்கள். வெளியே வெட்டு இல்லை, தையல் இல்லை. பதினைந்து இருபது நிமிட வேலை. அடைத்துப்போன குழாய்க்குப் பதிலாக இது அறைக்குள் காற்றை விடுகிறது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இருந்து, தோல் வளர வளரத் தானாகவே வெளியே விழுந்துவிடும். அடினொயிட் பெருத்திருந்தால் அதையும் சேர்த்து எடுப்பதுண்டு.

இது மந்திரம் இல்லை. மயக்க மருந்து கொடுக்கும் எந்தச் சத்திரசிகிச்சையிலும் சிறு ஆபத்து உண்டு. சில பிள்ளைகளுக்குக் குழாய் இருக்கும்போது காதில் சீழ் வரும், மருந்து விட வேண்டியிருக்கும். சிலருக்குக் குழாய் விழுந்த பிறகு திரும்ப நீர் கட்டும். மிகச் சிலருக்குத் தோலில் ஓட்டை மூடாமல் இருக்கும். ஒப்பரேஷன் வேண்டாம் என்றால், நீர் வற்றும் வரை கேட்கும் கருவி போடலாம். இவற்றையெல்லாம் வைத்தியர் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும். பணக்காரப் பெற்றோருக்கு இந்த உரிமை இருக்கிறது. நமக்கும் இருக்க வேண்டும்.

இந்தக் குழாயை இன்று நாம் காணும் முறையில் 1954இல் அமெரிக்க வைத்தியர் பெவர்லி ஆம்ஸ்ட்ரோங் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எழுபது வருடம் பழைய வைத்தியம். எழுபது வருடத்தில் அது கடல் தாண்டி இந்த நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்கு உள்ள சில மைல்தான் மிச்சம்.

பொறுப்பது வேறு, கைவிடுவது வேறு

இதுதான் நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம். "மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம்" என்பது மருந்து. ஆனால் மூன்றாம் மாதம் யாராவது திரும்பப் பார்த்தால்தான் அது மருந்து. பார்க்கவில்லை என்றால் அது கைவிடுதல்.

நம் தோட்டங்களில் என்ன நடக்கிறது? பிள்ளை டிஸ்பென்சரிக்குப் போகிறது. காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்க்கும் கருவி பல இடத்தில் இல்லை. இருந்தால் பற்றரி இல்லை. சளி மருந்தும் "வளர்ந்தால் சரியாகும்" என்ற வார்த்தையும் கிடைக்கிறது. தேதி கிடைப்பதில்லை. கொப்பியில் பெயர் இல்லை. திரும்ப வரச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மூன்று மாதம் ஆறு மாதமாகிறது, ஆறு மாதம் மூன்று வருடமாகிறது. பிள்ளை தரம் 1இலிருந்து தரம் 4க்கு வந்துவிட்டது. இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது.

"வளர்ந்தால் சரியாகும்" என்பது பொய்யில்லை. காது பெரும்பாலும் சரியாகிவிடும். போன மூன்று வருடப் படிப்பு யார் வளர்ந்தால் திரும்பி வரும்?

2022 நெருக்கடியில் மருந்து இல்லாமல், உபகரணம் இல்லாமல், அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை ஆஸ்பத்திரிகள் ஒத்திவைத்தன. உயிர் போகும் நோய்க்கு முதலிடம் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் 'அவசரமற்ற' என்ற பட்டியலில் ஒரு பிள்ளையின் பெயர் ஏறினால் அதைக் கீழே இறக்க யாராவது குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. குரல் உள்ளவன் பிள்ளைக்குத் தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது. குரல் இல்லாதவன் பிள்ளை பட்டியலிலேயே வயதுக்கு வந்துவிடுகிறது.

ஏழு பயணம், ஏழு பேர்

"இலவச வைத்தியம்தானே, ஏன் போகவில்லை?" என்று கேட்பவர்களுக்குக் கணக்குக் காட்டுவோம். டிஸ்பென்சரியில் துண்டு வாங்க ஒரு நாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டி, காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்க ஒரு நாள். கண்டிக்கோ பதுளைக்கோ இரத்தினபுரிக்கோ கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள். கேட்டல் பரிசோதனைக்கு வேறு நாள் தந்தால் இன்னொரு நாள். மூன்று மாதம் கழித்துத் திரும்பக் காட்ட ஒரு நாள். ஒப்பரேஷனுக்கு ஒரு நாள், சில வேளை இரண்டு நாள். பிறகு காட்ட ஒரு நாள். எல்லாம் சேர்த்தால் ஏழு நாள். ஏழு நாளும் வேலை நாள். ஏழு நாளும் செக்ரோலில் பேர் இல்லை.

அதோடு விடிய முன்பே எழும்பி ரோட்டுக்கு நடக்க வேண்டும், அல்லது ஓட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். பஸ் காசு, பிள்ளைக்கு ஒரு பனிஸ், ஒரு தேத்தண்ணி. நம்பர் எடுத்துக் காத்திருந்து, முறை வரும்போது மதியம். வைத்தியர் கேட்பது விளங்காமல் நிற்கும் தாயை "சொன்னது புரியவில்லையா?" என்று அதட்டும் குரல். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழியானது. கிளினிக் வாசலில் அந்தத் திருத்தத்தைத் தேடினாலும் கிடைக்காத இடங்கள் உண்டு. காது கேட்காத பிள்ளையோடு போன தாய், மொழி விளங்காமல் தானும் செவிடாக நிற்கிறாள்.

2021இல் ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்காக நாம் எத்தனை நாள் பெரட்டுக்களத்தில் நின்றோம் என்பதை மறக்கவில்லை. அப்படி வாங்கிய பேரில் ஏழு பேரைப் பிள்ளையின் காதுக்காகக் கொடு என்றால், தாய் கொடுப்பாள். ஆனால் அந்த மாதம் கடைக்காரனுக்கு என்ன கொடுப்பாள்?

"இது சங்கத்தின் வேலையா?"

நம் அங்கத்தவர்களிலேயே சிலர் இப்படிக் கேட்கிறார்கள். "சங்கம் சம்பளத்தைப் பார்க்கட்டும், காதை டாக்டர் பார்க்கட்டும்." நாம் மரியாதையோடு மறுக்கிறோம். டாக்டரிடம் போக ஒரு நாள் லீவு கொடுப்பதா இல்லையா என்பது டாக்டரின் முடிவா? தோட்ட நிர்வாகத்தின் முடிவு. நிர்வாகத்தோடு பேசுவதற்குத்தான் மாதாமாதம் சந்தா கட்டுகிறோம்.

நிர்வாகம் சொல்லும் பதிலும் தெரிந்ததே. "சுகாதாரம் அரசாங்கத்தின் பொறுப்பு." அரசாங்கத்திடம் போனால் "அது கம்பனித் தோட்டம்". பல தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது, பல இன்னும் இடையில் தொங்குகின்றன. ஆனால் ஒன்றை நினைவூட்டுகிறோம். 1912இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே, தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்தில் தோட்டத்துக்குப் பொறுப்பு உண்டு என்று எழுதி வைத்தது. நம்மேல் இருந்த பாசத்தால் இல்லை, வேலைக்கு ஆள் வேண்டும் என்பதால். வெள்ளைக்காரத் துரையின் கணக்குக்குக்கூட நம் உடம்பு உட்பட்டிருந்தது. 1992இல் தோட்டங்களை ஏற்றுக்கொண்ட கம்பனிகளின் கணக்கில் நம் பிள்ளையின் காது எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது?

இன்னும் சிலர் "டீச்சர்மார் என்ன செய்கிறார்கள்?" என்று அவர்கள்மேல் பாய்கிறார்கள். பல பாடங்களையும் ஒரே ஆளாகச் சுமக்கும் ஆசிரியர்கள் நம் பாடசாலைகளில் உண்டு. அவர்கள் நம் எதிரிகள் இல்லை. வகுப்பில் எந்தப் பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதை முதலில் காணக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களை நம் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்பது

தோட்ட நிர்வாகத்திடம்: ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ, கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைய முழுப் பேர் போட வேண்டும். தூரத் தோட்டங்களிலிருந்து கிளினிக் நாளில் வாகனம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் காது பார்க்கும் கருவி இருக்க வேண்டும், அதைப் பிடிக்கத் தெரிந்தவர் இருக்க வேண்டும். பாலூட்டும் தாயின் இடைவேளையைச் சட்டப்படி கொடுத்து, அந்த நேரத்துக்குக் கொழுந்துக் கணக்கில் கைவைக்கக் கூடாது.

சுகாதாரத் திணைக்களத்திடம்: 200க்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள பாடசாலையில் எல்லா வகுப்புக்கும் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்பது திணைக்களத்தின் சொந்த விதி. தோட்டப் பாடசாலைகள் பல இந்தக் கணக்குக்குள் வருகின்றன. அந்தப் பரிசோதனை ஒழுங்காக நடக்க வேண்டும், அதில் காதும் இருக்க வேண்டும். கேட்டல் பரிசோதனை செய்யும் கருவியோடு ஒரு குழு வருடத்தில் ஒரு தடவையாவது தோட்டப் பாடசாலைக்கு வர வேண்டும். கிளினிக்குகளில் தமிழில் பேசக்கூடிய ஒருவர் நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்குப் பிறகு வரவேண்டிய தேதியைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இவற்றை மகஜராக எழுதி, ஒவ்வொரு தோட்டக் கிளையிலும் கையெழுத்து வாங்கி, நிர்வாகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கும் கொடுக்கும்படி தலைவர்மாரைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பேச்சுவார்த்தையில் கிளினிக் நாளுக்கு முழுப் பேர் என்பது சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். 'இதர விடயங்கள்' என்று கடைசியில் தள்ள விடமாட்டோம்.

இன்றைக்கே நாம் செய்யக்கூடியது

கோரிக்கை நிறைவேறும் வரை பிள்ளை காத்திருக்காது. ஆகவே வீட்டிலும் சில வேலை இருக்கிறது.

பிள்ளையின் பின்னால் நின்று, முகத்தைக் காட்டாமல், மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் அடிக்காதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். "ஆ? என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறதா? டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறதா? பேசும்போது உங்கள் வாயையே பார்க்கிறதா? வயதுக்கு ஏற்ற பேச்சு இல்லையா? வாயைத் திறந்துகொண்டு தூங்கிக் குறட்டை விடுகிறதா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்து, சளி போன பிறகும் நீடித்தால் காதைக் காட்ட வேண்டும். தோட்டத்துக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடமும், பாடசாலைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், பூண்டுச் சாறு எதையும் காதுக்குள் ஊற்றாதீர்கள். அது செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நீரை அடையவே அடையாது. தோலில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்ப் புண்ணாக்கும். கொண்டை ஊசியும் கோழி இறகும் நெருப்புக்குச்சியும் காதுக்கு வேண்டாம். சீழ் வடிந்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கி வலித்தாலோ, அது வேறு நோய். மூன்று மாதம் பொறுப்பது அதற்குப் பொருந்தாது. அன்றே கொண்டுபோக வேண்டும்.

டீச்சரைப் பார்த்து, பிள்ளையை முன்வாங்கில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். இதற்குக் காசும் வேண்டாம், துண்டும் வேண்டாம். குழாய் போட்ட பிள்ளை பீலியில் குளிக்கலாம். ஆற்றில் முங்குவதும் சவர்க்காரத் தண்ணி காதுக்குள் போவதும் கூடாது. வைத்தியர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் தலைவிகளுக்கும் ஒரு வேலை. சந்தாக் கொப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பி வையுங்கள். எந்த லயம், எந்தப் பிள்ளை, எந்தத் தேதியில் "பொறுத்துப் பாருங்கள்" என்று சொன்னார்கள், மூன்று மாதம் எந்தத் தேதியில் முடிகிறது. இந்த நாலு விபரம் போதும். அந்தத் தேதி வந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தாய் சிங்களம் தெரியாமல் தயங்கினால், தெரிந்த ஒரு பொடியனை அல்லது பிள்ளையைக் கூட அனுப்புங்கள். ஒரே மாதத்தில் நாலைந்து பிள்ளைகள் என்றால் ஒரே வாகனத்தில் போகலாம், செலவைப் பங்கு போடலாம். டிஸ்பென்சரி வைக்க வேண்டிய கொப்பி இது. அவர்கள் வைக்கும் வரை நாம் வைப்போம். பேச்சுவார்த்தை மேசையில் அந்தக் கொப்பியைத் திறந்து வைத்தால், "அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கள் தோட்டத்தில் இல்லை" என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.

பிள்ளைப் பருவத்தில் வரும் கேட்டல் குறைபாட்டில் 60 சதவீதமளவு தடுக்கக்கூடிய காரணங்களால் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மார்ச் 3ஆம் திகதியை உலகச் செவித்திறன் தினமாகவும் வைத்திருக்கிறார்கள். கொழும்பில் அன்று கூட்டம் நடக்கும், பேச்சு நடக்கும். நம் கிளைகளில் அன்று அந்தக் கொப்பி திறக்கப்படட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன நடந்தது என்று வாசிக்கப்படட்டும். காட்டியாகிவிட்டதா? வற்றிவிட்டதா? குழாய் போட்டாகிவிட்டதா? இன்னும் பட்டியலில்தானா?

வெறும் "இன்னும்" என்று நிற்கும் பெயர்களோடு மறுநாள் காலை நாம் ஆபீஸ் வாசலில் நிற்போம்.